கூட்டுப் பட்டாவும் காலேஜ் ஃபீஸும்

ஒருவழியாக மகளுக்குக் கல்லூரி முடிவாகி, மே 1-க்குள் டெபாசிட்டும் கட்டியாயிற்று. அமெரிக்காவில் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை (கலை, அறிவியலில் பரந்த இளநிலைப் படிப்பு தருபவை) குறிவைக்கும் நம்மவர்களுக்காக, அதிலும் ஊரில் பூர்வீக நிலம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டுரை, சிபாரிசுக் கடிதமெல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். எனக்கு பி.பி. ஏறியது காசு விஷயத்தில்தான்.

வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், சுவார்த்மோர் மாதிரி இடங்களில் ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்கு இடம் கிடைப்பதே பெரிது. மார்க்குக்கென்று அங்கே சலுகை கிடையாது. குடும்பத்தின் 'தேவை'யை, அதாவது செலவில் குடும்பத்தால் கட்ட முடியாத பகுதியை, முழுதாகக் கொடுப்பார்கள். ஆனால் எது தேவை என்று முடிவு செய்வது அவர்கள். இரண்டு சம்பளம், ஒரு வீட்டுக்கடன் என்றிருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான் நடுவில் மாட்டுவது.

அமெரிக்க அரசின் நிதியுதவிப் படிவமான ஃபாஃப்சா குடியிருக்கும் வீட்டைக் கேட்பதில்லை. தனியார் கல்லூரிகள் பல தங்கள் உதவிக்காகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவம் அதையும் கேட்கும், வேறு எங்கே சொத்து இருந்தாலும் கேட்கும். கும்பகோணம் பக்கம் தாத்தா வழி நஞ்சை இருக்கிறது. கூட்டுப் பட்டாவில் அண்ணன், தங்கை, நான். குத்தகை நெல் அம்மாவின் சாப்பாட்டுக்கே சரி. பதிவுத்துறைத் தளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பார்த்து என் பங்கைப் போட்டேன். விளக்கப் பெட்டியில் மொத்த மதிப்பையும் சொல்லியிருந்தேன். அவள் ஆசைப்பட்ட கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் அந்த மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டது. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 4,000 டாலர் கூடுதல்!

போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், மறுபடி முதலிலிருந்து கதை. ஒரு அம்மணி, "விற்றுவிடலாமே?" என்றார். பாகப்பிரிவினையே ஆகாத நிலத்தை யார் வாங்குவார்? பட்டா தமிழில் இருந்ததால் திருப்பிவிட்டார்கள். மொழிபெயர்த்து அனுப்பினேன். அண்ணன் நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி, வாசல் திண்ணையில் வைத்து போனில் படம் எடுத்து அனுப்பினார். முத்திரை மேல் அவர் கை நிழல். தெளிவில்லை என்று அதுவும் திரும்பியது. தயவுசெய்து கடையில் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

ஏப்ரல் கடைசியில் திருத்திய கடிதம் வந்தது. கூட்டிய 4,000-ஐயும் குறைத்திருந்தார்கள். வீட்டில் பாயசம். ஆனால் அப்போதும் ஒஹாயோ கல்லூரி ஒன்று மெரிட்டில், அதாவது மார்க்குக்கான சலுகையாக, கொடுத்த தொகையோடு ஒப்பிட்டால் இது எட்டாத விலை. அவளே கணக்குப் போட்டு ஒஹாயோ என்றாள்.

இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற எர்லி டிசிஷனில் போட்டிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை. உதவி போதவில்லை என்று விலகலாம்தான், ஆனால் டிசம்பரில் இந்தப் பட்டா சண்டை போட நேரம் ஏது? இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் படித்தால் கிடைத்த சலுகையை 2024-25 முதல் ஃபாஃப்சா எடுத்துவிட்டது. சிஎஸ்எஸ் கல்லூரிகள் பல இன்னும் பார்க்கின்றன, கேளுங்கள். டெனிசன், ஊஸ்டர், ஓபர்லின் போல மெரிட் கொடுக்கும் இடங்கள் இரண்டு மூன்றாவது பட்டியலில் இருக்கட்டும். எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது கல்லூரிகள் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவரத் தொகுப்பில் ஹெச் பகுதியில் இருக்கும்.

மெரிட் கிடைத்தால், எந்த ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வரை தொடரும், ஃபீஸ் ஏறினால் அதுவும் ஏறுமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்களுக்கு ஏறாது என்று பதில் வந்திருக்கிறது.