இங்கிலாந்தில் ஓர் இறகின் எடை

இங்கிலாந்துக்குக் குடிபெயர்கிறவர்களில் பெரும்பாலோர் ஓரளவு ஆங்கிலம் தெரிந்தே வருகிறோம். வந்த பிறகு நமக்குக் குறைவது சொல்வளம் அன்று. எதிரே இருப்பவர் சொல்லும் ஒரு சொல்லுக்குள் எவ்வளவு கோபம் இருக்கிறது, எவ்வளவு பாராட்டு இருக்கிறது என்று எடைபோடும் பழக்கம்தான். கேம்பிரிட்ஜில் குடியேறிய தொடக்க ஆண்டுகளில் அந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தித் தந்தவற்றுள் ‘ஃபெதர்’ என்ற எளிய சொல்லுக்கு முதலிடம் கொடுப்பேன்.

பொருள்களைக் குறிக்கும்போது அந்தச் சொல்லில் ஒளிவுமறைவு கிடையாது. குளிர்காலப் போர்வை வாங்கப் போனால், உறையின் மேல் ‘ஃபெதர்’ இத்தனை விழுக்காடு, ‘டவுன்’ இத்தனை விழுக்காடு என்று தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள். முன்னது நடுவில் தண்டுள்ள இறகு. பின்னது வாத்தின் மார்புப் பகுதியில் வளரும், பஞ்சு போன்ற தூவி. தூவி மிகுந்தால் எடை குறைந்து கதகதப்பு கூடும். இறகு மிகுந்தால் தண்டின் முனை துணியைத் துளைத்துக்கொண்டு வந்து இரவில் கையைக் குத்தும். கதகதப்பை ‘டாக்’ என்ற அளவால் குறிக்கிறார்கள், கோடைக்கு 4.5, கடுங்குளிருக்கு 13.5 என்பது பொதுவான கணக்கு. வாடகை வீட்டு வேலி புயற்காற்றில் சாய்ந்தபோது வந்த தச்சர் கேட்டது ‘ஃபெதர் எட்ஜ்’ பலகை. ஓர் ஓரம் தடித்தும் மறு ஓரம் மெலிந்தும் இருக்கும்படி அறுத்த பலகை அது. ஒன்றின் தடித்த ஓரம் அடுத்ததன் மெல்லிய ஓரத்தின் மேல் ஏறி நிற்க, வரிசையாக ஆணி அடித்துக்கொண்டே போனார். கேம் ஆற்றங்கரையிலோ அதே சொல் வினைச்சொல்லாகிவிடுகிறது. துடுப்பு நீரை விட்டு வெளியே வந்ததும் மணிக்கட்டைத் திருப்பி, அதன் அலகை நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுக்கவைத்துக் காற்றின் தடையைக் குறைப்பதற்கு அதுதான் பெயர். படகுக்கு இணையாகக் கரையில் மிதிவண்டி ஓட்டியபடி பயிற்சியாளர்கள் அதைக் கத்திக்கொண்டே போவதைக் காலை வேளைகளில் கேட்கலாம்.

மனிதர்களைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதுதான் அந்தச் சொல் கனக்கத் தொடங்குகிறது. அலுவலகக் கூட்டமொன்றின் குறிப்பில், புதிய பணிப்பங்கீட்டால் ‘சில இறகுகள் கலைந்தன’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. உண்மையில் அந்தப் பங்கீட்டுக்குப் பிறகு இரண்டு பிரிவுத் தலைவர்கள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். சினந்த பறவை இறகைச் சிலிர்த்துக்கொள்வதிலிருந்து வந்த வழக்கு இது. நாம் ‘கொதித்துப் போயிருக்கிறார்கள்’ என்று சொல்லும் இடத்தில் இவர்கள் இறகு கலைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதைச் சிறு மனத்தாங்கல் என்று எடுத்துக்கொள்கிற புதியவர், மறுநாளே அந்த இருவரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து எழுதி வம்பை விலைக்கு வாங்கக்கூடும்.

இன்னொன்று, ஒருவர் ‘தன் கூட்டுக்கு இறகு சேர்க்கிறார்’ என்பது. கேட்பதற்குக் குடும்பப் பாசம் போல இருக்கும். ஆனால் நாளிதழ்களில் இது பொதுப்பணத்திலோ பதவியிலோ கைவைத்துத் தன்னை வளப்படுத்திக்கொண்டவர்மீது வீசும் குற்றச்சாட்டு. தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று கேட்கும் நம் பழமொழியில் பாதி மன்னிப்பு ஒளிந்திருக்கிறது. இவர்களுடைய வழக்கில் அது சிறிதும் இல்லை என்பதே என் கணிப்பு.

எல்லாவற்றிலும் கொடியது வெள்ளை இறகு. இதன் வேர் நமக்குப் பழக்கமான சேவற்சண்டையில் இருக்கிறது. வாலில் வெள்ளை இறகு தெரியும் சேவல் கலப்பினம், களத்தில் நிற்காது என்று இங்கே நம்பினார்கள். அதனால் வெள்ளை இறகைக் காட்டுவது என்றால் கோழைத்தனம் காட்டுவது என்று ஆயிற்று. முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டிலேயே, ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி சார்லஸ் பென்ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு, ஃபோக்ஸ்டன் நகரில் முப்பது பெண்களைத் திரட்டி, சீருடை அணியாத இளைஞர்களின் கையில் வெள்ளை இறகு கொடுக்கச் செய்தார். வழக்கம் நாடெங்கும் பரவியது. விடுப்பில் வந்து சாதாரண உடையில் நடந்தவர்களுக்கும், காயத்தால் படையிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கும் அந்த இறகு தெருவில் வைத்து நீட்டப்பட்டது. உடல்நலக் குறைவாலோ காயத்தாலோ விலக்கப்பட்டவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள 1916 செப்டம்பரில் அரசு வெள்ளிப் பதக்கம் வழங்கத் தொடங்கியது. இந்த அவமதிப்பிலிருந்து அவர்களுக்கு அது ஒரு காப்பாகவும் இருந்தது. ஒரு வசைச்சொல்கூட இல்லாமல், கையில் வைத்தால் கனமே தெரியாத ஒன்றைக் கொடுத்து ஒருவரை ஊரறியத் தலைகுனிய வைக்க முடிந்திருக்கிறது. நவம்பர் நினைவு நாளையொட்டிப் போரைப் பற்றிப் பேச்சு வரும்போது, முதியவர்கள் சிலர் இந்த இறகை மட்டும் குரலைத் தாழ்த்திக் குறிப்பிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

நல்ல பொருளில் வருபவையும் உண்டு. ‘ஒரே இறகுப் பறவைகள்’ என்பது இனம் இனத்தோடு சேரும் என்பதற்கு நிகர். ‘அழகிய இறகுகளே அழகிய பறவையை ஆக்கும்’ என்பதற்கு நம்மிடம் ஆள் பாதி, ஆடை பாதி இருக்கிறது. இவை இரண்டும் யாரையும் குழப்புவதில்லை.

‘தொப்பியில் ஓர் இறகு’ என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். அது பெருமைக்குரிய சாதனையைக் குறிக்கும் வழக்கு. உண்மையான தொப்பியில் உண்மையான இறகு செருகுவதை எதிர்த்துத்தான் 1889இல் மான்செஸ்டரை அடுத்த டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் ஒரு பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். தமிழர்களுக்கு நன்கு தெரிந்த குரோய்டனில் தனியே கூடிவந்த இன்னொரு பெண்கள் குழு, தன் பெயரிலேயே ‘ஃபெதர்’ என்ற சொல்லை வைத்திருந்தது. இரண்டும் பின்னர் இணைந்தன; இன்றைய அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம் அப்படி வளர்ந்ததுதான். பறவை இறகு இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டம் 1921இல் நிறைவேறியது. தொப்பிகளிலிருந்து அந்த இறகுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டாலும் வழக்கு மட்டும் அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. நான் பொறுப்பேற்ற பணி ஒன்று குறித்த காலத்தில் முடிந்தபோது, என் ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் அதையே எழுதினார். இங்கே அது சாதாரணப் பாராட்டு அன்று என்று பக்கத்து மேசைக்காரர் விளக்கினார். ஊதிய உயர்வு அதில் சேராது என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.