கோடிக்கரைக் குழகருக்குத் துணை யார்?

நாகப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே இறங்கி வரும் கடற்கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. அந்த முனையில் கோயில்கொண்டிருக்கும் சிவன்தான் குழகர். காவிரித் தென்கரையில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 127-இல் இதுதான் கடைசி. வரிசைப்படி அடுத்த தலத்துக்குக் கடல் தாண்டி ஈழத்துக்குத்தான் போகவேண்டும்.

வேதாரண்யத்தில் மறைக்காட்டு ஈசரைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். வழியில் அகத்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானது இந்தப் பக்கத்தில்தான். இன்றைக்கும் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. அப்புறம் காடு தொடங்கிவிடுகிறது. வெளிமான்களுக்காக 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட காடு. 2018 கஜா புயல் இங்கே சாய்த்த மரங்களுக்குக் கணக்கில்லை.

தன் தோழரான சேர மன்னர் சேரமான் பெருமாளோடு இங்கு வந்த சுந்தரர், சாமியைப் பார்த்ததும் வரம் கேட்கவில்லை, சண்டைக்கே போய்விட்டார். கடற்காற்று இப்படி வந்து மோதுகிறதே, கரையில் அக்கம்பக்கம் நாலு குடி இருந்தால் குற்றமா, யார் துணையென்று இங்கே தனியாக இருக்கிறீர் என்று கேட்கிறார். பொந்துக்குள் ஆந்தையும் கூகையும் அலறுகின்றன, அம்மை பயப்படமாட்டாளா என்கிறார். பக்தியில் இப்படி ஓர் உரிமை அவருக்கு மட்டும்தான் வரும். அந்தப் பதிகத்தைக் கோயில் வாசலில் நின்று படித்தால், இந்த நிலத்தின் வர்ணனையாகவே இருக்கிறது. மரங்களுக்கு மேலே காற்று ஓயவே இல்லை.

சிறிய கோயில்தான். அமிர்தம் சிந்திய தலம் என்பது புராணம், அதனால் குழகருக்கு அமிர்தகடேஸ்வரர் என்றும் பெயர். முருகன் சந்நிதியில் குருக்கள் தீபத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, "கலசத்தைப் பாருங்கோ" என்றார். ஒரு முகம், ஆறு கைகள். ஒரு கையில் அடக்கமாக அமிர்தக் கலசம். தீபம் காட்டியிராவிட்டால் கவனிக்காமலே நகர்ந்திருப்போம்.

காட்டுக்குள் மேட்டில் ராமர் பாதம் இருக்கிறது. இலங்கையை நோக்கி ராமர் நின்ற இடம் என்கிறார்கள். மேடு என்றாலும் பெரிய உயரமில்லை. சுற்றிலும் அவ்வளவு தட்டையான நிலம்.

ஆடி, தை அமாவாசைகளில் கடல் நீராட ஊரே திரண்டு வரும். சுந்தரர் பட்ட கவலை புரியவேண்டும் என்றால் சாதாரண நாளில் போங்கள். பூநாரைகளும் வேண்டும் என்றால் மழைக்காலம் முடிந்த கையோடு போகலாம்.