அக்காவின் கட்டைவிரல்

ஜூன் 3

ராத்திரி பத்து மணிக்கு அக்கா போன். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி, யார்கிட்டயும் சொல்லாதே." நாலு வருஷமாக இருமினால், தும்மினால், கேஸ் சிலிண்டரை நகர்த்தினால் சிறுநீர் கசிகிறதாம். காலை நடையை விட்டது முழங்கால் வலியால் என்று நினைத்திருந்தேன். வெளிர் நிறப் புடவைகளை எனக்குக் கொடுத்ததும் இதனால்தானாம்.

ஒரு டாக்டர் "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். எதிர்வீட்டு அம்மா கேட்டது அதைவிட மோசம்: "அது பிள்ளை பெத்தவங்களுக்குத்தானே வரும், உனக்கு எப்படி?" கல்யாணம் ஆகாத 51 வயதுக்காரியிடம் அந்தக் கேள்வி எதையெல்லாம் கிளறும்! அதன்பின் அவள் வாயே திறக்கவில்லை.

இருபது வருஷமாக உயிர்வேதியியல் நடத்துகிறேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

ஜூன் 5

நூலகத்திலேயே பகல் போனது. அமெரிக்காவில், மிச்சிகனின் மருத்துவர் டிலான்சி 1994-இல் எழுதியது பளிச்சென்று புரிகிறது. சிறுநீர் வெளியேறும் குழாய் ஒரு ஏணையின் மேல் படுத்திருக்கிறது. யோனியின் முன்சுவரும் இணைப்புத் திசுவும் சேர்ந்ததுதான் அந்த ஏணை. இடுப்பின் அடியில் உறுப்புகளைத் தாங்கும் இடுப்புத்தளத் தசையோடு அது கட்டப்பட்டிருக்கிறது. இருமும்போது வயிற்றின் அழுத்தம் குழாயை ஏணையின் மீது நசுக்கி மூடிவிடும். ஏணை தொய்ந்திருந்தால்? தோட்டத்து ஹோஸைக் கெட்டித் தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நிற்கும், சேற்றில் மிதித்தால் நிற்காது.

ஜூன் 9

தேடியது கிடைத்துவிட்டது! 1997, கீன் குழுவின் ஆய்வு. பிள்ளையே பெறாத, மாதவிடாய் நிற்காத பெண்களில் கசிவு உள்ளவர்களின் திசுவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். திசுவுக்கு உறுதி தரும் நார்ப்புரதமான கொலாஜன் குறைவு. அதிலும் தடித்து உறுதியான முதல் வகை, மெலிந்த மூன்றாம் வகையோடு ஒப்பிட்டால் குறைந்திருக்கிறது. பிரசவம் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரசவம் இல்லாமலும் வரும். உடனே அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. நீல டிக் மட்டும்.

ஜூன் 12

ஸ்வீடன்காரர்கள் என்னைக் குழப்புகிறார்கள். 1987-இல் உல்ம்ஸ்டன் குழு: கசிவுள்ள பெண்களின் தோலிலும் கருப்பையின் உருண்டைத் தசைநாரிலும் கொலாஜன் 40 சதவீதம் குறைவு. 1994-இல் ஃபால்கனர் குழு: அவர்களின் தோல் செல்களை வளர்த்தால் அவை உண்டாக்கும் கொலாஜனும் குறைவு. அதே ஃபால்கனர் 1998-இல், பிள்ளை பெறும் வயதுப் பெண்களின் சிறுநீர்க் குழாயை ஒட்டிய திசுவில் கொலாஜன் ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம், இழைகளும் தடிமன் என்கிறார்.

இரண்டு நாள் இதிலேயே உழன்றேன். திசு எடுத்த இடம் வேறு, பெண்களின் வயது வேறு. எடை போட்டால் மட்டும் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. இழைகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, அவற்றை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு எப்படி, பழையதைக் கரைக்கும் நொதிக்கும் அதை அடக்கும் புரதத்துக்கும் சமநிலை இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் வலு. ஒரே எடை பஞ்சில் நல்ல கயிறும் திரிக்கலாம், அறுந்துபோகும் கயிறும் திரிக்கலாம்.

ஜூன் 13

பாதித் தூக்கத்தில் நினைவு வந்தது. சின்ன வயதில் அக்கா கட்டைவிரலை வளைத்து முன்கையைத் தொடுவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா செய்துகாட்டச் சொல்வாள். மூட்டு இப்படி அளவுக்கு மீறி வளைகிறவர்களிடம் இந்தக் கசிவு கூடுதலாகக் காணப்படுகிறது. விரலை வைத்து நோயை முடிவுகட்ட மாட்டேன். ஆனால் நாங்கள் கைதட்டிய அந்த விரலும் அதே நார்களால் ஆனதுதானே.

ஜூன் 17

இன்று வகுப்பில் கொலாஜன். மூன்று இழை முறுக்கு, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம். 1954-இல் விஞ்ஞானிகள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதே சென்னையில், கங்காரு வால் தசைநாரை வைத்துக்கொண்டு அவிழ்க்கத் தொடங்கிய முடிச்சு. ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். இன்று சொல்லும்போது குரல் கம்மியது.

அக்கா கொலாஜன் பவுடர் வாங்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். குடித்தது குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துவிடும். போய் அந்த ஏணையைப் பின்னு என்று அதற்கு யாரும் சொல்ல முடியாது.

ஜூன் 24

பிசியோதெரபிஸ்டிடம் இருவரும் போனோம். நாரை மாற்ற முடியாது, அது தொங்கும் தசையை வலுவாக்கலாம் என்றார். அமெரிக்க மருத்துவர் கீகல் 1948-இல் எழுதிய பயிற்சிதான் அடிப்படை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொல்லியிருக்கிறார்கள், செய்யாதவர்களில் 6. முதலில் அக்கா மூச்சை அடக்கி வயிற்றைக் கீழே தள்ளினாள். அது தலைகீழ். உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும். மூன்று மாதம் தினமும். இருமல் வருவதற்கு ஒரு நொடி முன்பும்.

செப்டம்பர் 21

போனில் பேசிக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு இருமல். ஒரு கணம் மௌனம், பிறகு இருமினாள். "முன்னாடியே இழுத்துப் பிடிச்சிட்டேன்டி," என்றாள். "ஒரு சொட்டுகூட இல்ல. அந்த சந்தனக் கலர் புடவை உன்கிட்டதானே இருக்கு?"