எட்டாம் நாள்: திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை

ஜனவரி 24, 2026, சனி
இராமநாதபுரம் – தூத்துக்குடி, சுமார் 120 கி.மீ.

சிறுவர் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்ட 19-ஆம் தேதி சென்னையில் கிளம்பிய சைக்கிள் ஓட்டத்தின் ஆறாம் நாள் இது. ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழி. ரோடு தட்டை, காற்று முதுகுப்பக்கம். கஷ்டம் கொடுத்தது சீமைக்கருவேல முள் மட்டும்தான்.

இந்த முள் குத்தினால் உடனே காற்று இறங்காது. முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். டீக்கடையில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் டயர் சப்பையாகக் கிடக்கும். அவசரத்தில் டியூபை மட்டும் மாற்றுகிறவர் இரண்டு கி.மீ. தாண்டுவதற்குள் மறுபடி இறங்குவார், ஏனென்றால் முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்பக்கம் தடவித்தான் பார்க்க வேண்டும், அதுவும் வெறும் விரலால் தடவாமல் ஒரு துணியை வைத்து. துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள்.

தேடும் வேலையைக் குறைக்க ஒரு பழக்கம் உண்டு. டயரில் அச்சடித்த பெயர் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டிவிட வேண்டும். டியூபில் வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி ஓட்டை இருந்தால், டயரிலும் பெயரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் முள். டியூப் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது மறந்துபோனாலும் இரண்டு இடத்தைப் பார்த்தால் போதும்.

ஒட்டுப் போடும்போது சொல்யூஷனைத் தடவிய கையோடு ஒட்டை வைத்து அழுத்துகிறவர்கள் இன்றும் இருந்தார்கள். பசை காய வேண்டும், தொட்டால் விரலில் ஒட்டாத பதம். ஐந்து நிமிடம் ஆகும். அவ்வளவு பொறுமை வழியில் யாருக்கும் வராது. வழியில் புது டியூப், ராத்திரி லாட்ஜில் ஒட்டு என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

ஜனவரி 25, ஞாயிறு
தூத்துக்குடி – திருச்செந்தூர், சுமார் 40 கி.மீ.

கடைசி நாளுக்கு முந்திய நாளை 40 கி.மீ.யோடு நிறுத்தியது சோம்பலால் அல்ல. மதியம் முழுக்கச் சைக்கிளைப் பிரித்துப் பார்க்க நேரம் வேண்டும். கடைசி நாளன்று ஏதாவது உடைந்தால் அது பெரும்பாலும் முந்திய நாளே முனகத் தொடங்கியிருக்கும்.

பிப்ரவரி 1 தைப்பூசம். முக்காணி, ஆத்தூர் பக்கமெல்லாம் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள் செருப்பில்லாமல் வரிசையாக நடக்கிறார்கள். பின்னாலிருந்து மணி அடித்து அவர்களை ஒதுங்கச் சொல்லக் கூடாது. முள்ளும் சரளையும் ரோட்டின் ஓரத்தில்தான் கிடக்கும், ஒதுங்குகிற கால் வெறுங்கால். வேகத்தைக் குறைத்து, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, நாம்தான் வலப்பக்கம் விலகிப் போக வேண்டும். இந்த வாரத்தில் திருச்செந்தூரில் ரூம் வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும், அதுவும் சைக்கிளை உள்ளே விடுகிற லாட்ஜாகப் பார்த்து.

மதியம் இரண்டு மணிக்கு வேலை தொடங்கியது.

முதலில் செயின். கடல் ஓரமாக ஒரு வாரம் ஓட்டினால் உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் செயின் செந்நிறமாகிவிடும். பயந்துபோய் எண்ணெயைக் கொட்டுவார்கள். நாளை போகும் வழியில் தேரி மணல், அந்தச் செம்மணல் எண்ணெயில் ஒட்டினால் உப்புக்காகிதம் போலப் பல்லைத் தேய்க்கும். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு. பெடலைப் பின்பக்கமாக இருபது சுற்று சுற்றிவிட்டு, வெளியில் தெரியும் எண்ணெயை மறுபடி துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளே. வெளியே பளபளப்பது மணலுக்கு வைத்த விருந்து.

தேய்மானம் பார்க்கத் தனிக்கருவி இல்லாவிட்டால் அங்குல ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து 24 கண்ணி தள்ளியிருக்கும் பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் அரை சதவீதம் நீண்டிருக்கிறது, 11, 12 கியர் செயினை அப்போதே மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் எந்தச் செயினும் முடிந்த கதை. ஆனால் கடைசி நாளுக்கு முந்திய சாயங்காலம் புதுச் செயின் போடாதீர்கள். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் செயின் மிதிக்க மிதிக்க வழுக்கும். 90 கி.மீ.தான் மிச்சம், பழையதோடு பழையது ஓடட்டும்.

அடுத்தது பின்சக்கரக் கம்பிகள். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அமுக்கினால் தளர்ந்தது கைக்கே தெரியும். உடைவது பெரும்பாலும் செயின் பக்கம், கம்பி வளைந்து சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் நுழையும் முழங்கையில். அந்தப் பக்கத்துக் கம்பியை மாற்ற பின்சக்கரப் பல்சக்கர அடுக்கான கேசட்டைக் கழற்ற வேண்டும், அதற்கு இரண்டு கருவி வேண்டும், இரண்டும் வேனில் இருக்க வேண்டும். ரோட்டில் உடைந்தால் தற்காலிக வழி: உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக்கொள்ள வேண்டும். அதன் இருபுறமும் இருக்கும் எதிர்ப்பக்கக் கம்பிகளை அரைத் திருகு தளர்த்த வேண்டும். சக்கர வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக்காக இருந்தால் அதன் வாயை அகலத் திறந்துவிட வேண்டும். கோட்டம் முழுதாகப் போகாது, ஆனால் ஊர் போய்ச் சேரலாம். முன் பிரேக்கை நம்பி மெதுவாக.

பிரேக் கட்டையைக் கழற்றி அதில் பதிந்திருக்கும் அலுமினியச் சில்லுகளை ஊசியால் நோண்டி எடுத்தோம். கீச்சென்று கத்தியது அதனால்தான். ஷூவின் அடியில் பெடலோடு மாட்டும் கிளீட்டின் திருகுகளையும் இறுக்கியாயிற்று. அதில் ஒன்று தளர்ந்தால் காலைப் பெடலிலிருந்து திருப்பி எடுக்க முடியாமல், நின்ற இடத்திலேயே சாய்ந்து விழ வேண்டியதுதான்.

உடம்பு விஷயத்தில் இரண்டு புகார்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்று, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கி, எடையெல்லாம் உள்ளங்கையில் இறங்கும். மட்டம் வைத்துச் சமமாக்கினால் பாதி சரியாகும். இன்னொன்று, முழங்கால் முன்புற வலி. சீட் தாழ்ந்திருப்பது ஒரு காரணம். ஏற்றலாம், ஆனால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஏழு நாள் ஓர் உயரத்துக்குப் பழகிய கால், திடீரென்று ஒரு சென்டிமீட்டர் மாற்றினால் வேறு இடத்தில் வலிக்கும்.

ஜனவரி 26, திங்கள்
திருச்செந்தூர் – கன்னியாகுமரி, சுமார் 90 கி.மீ.

5.15: சாப்பாடு. நாலைந்து இட்லி, இரண்டு வாழைப்பழம், கருப்பட்டிக் காப்பி. கடைசி நாள்தானே என்று நெய்ப்பொங்கலும் பூரியும் கேட்டவர்களுக்கு மதியம் என்று பதில். நெய் வயிற்றில் கிடந்து, குனிந்து ஓட்டும்போது நெஞ்சுக்கு ஏறும்.

6.10: விளக்கோடு புறப்பாடு. சூரியன் 6.40 வாக்கில்தான் வரும். பின்விளக்கு சிவப்பு கட்டாயம். கூட்டத்தின் நடுவில் ஓட்டுகிறவர் அதை மின்னும்படி வைக்கக் கூடாது, பின்னால் வருகிறவருக்குக் கண் கூசும்.

குலசேகரன்பட்டினம் வரை ஆளரவம் உண்டு. அதற்குப் பிறகு மணப்பாடு, பெரியதாழை என்று கடற்கரை ஊர்கள். ஒவ்வோர் ஊர் நுழைவிலும் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை. முன்னால் போகிறவர் கையைத் தாழ்த்தி, வாயாலும் சொல்ல வேண்டும். காற்று அள்ளிப்போட்ட மணல் வளைவுகளில் திட்டுத்திட்டாகக் கிடக்கும். மணலில் ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல், நேராக உருண்டு போவதுதான் ஒரே வழி.

ஜனவரியில் இந்த வழி தெற்கு நோக்கிப் போகிறவர்களுக்குச் சாதகம். வாடைக்காற்று முதுகைத் தள்ளும். இதே ரோட்டை ஆனி, ஆடியில் ஓட்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று எதிரே அறையும், 90 கி.மீ. 140 ஆகத் தெரியும். ஆனால் பின்காற்றுக்கும் ஒரு வஞ்சகம் உண்டு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்றும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் கூடவே வந்தால் உடம்பில் காற்றே படாது. வியர்வை காயாது. உடம்பு சூடாகும், ஆனால் களைப்பு தெரியாததால் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்கச் சொன்னோம்: பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று மடக்கு, மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல்.

8.20: உவரி. 40 கி.மீ. அளவில் முதல் நிறுத்தம். இன்று திங்கள் என்பதால் அந்தோணியார் கோயில் பக்கம் இடம் கிடைத்தது, செவ்வாய் என்றால் வேறிடம் பார்க்க வேண்டியிருக்கும். வாழைப்பழம், கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஓஆர்எஸ். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று உறையிலேயே அச்சடித்திருக்கிறது. அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடித்த ஒருவருக்குக் கூடங்குளத்துக்கு முன்பே குமட்டல். சரக்கு கெட்டியானால் குடல் உடம்பின் தண்ணீரை உள்ளே இழுக்கும். இன்னொரு அரை லிட்டர் வெறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பதினைந்து நிமிடம் நிழலில் உட்காரவைத்த பிறகு சரியானது.

உவரிக்குப் பிறகு கடை குறைவு, காற்றாலை அதிகம். எல்லாப் பாட்டிலையும் இங்கேயே நிரப்பிவிட வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பக்கம் நிற்பதும் போட்டோ எடுப்பதும் வேண்டாம் என்று முந்திய ராத்திரியே சொல்லியாயிற்று. பத்து மணிக்கு மேல் கடல்காற்று இடப்பக்கமிருந்து தள்ளத் தொடங்கும். அப்போது முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விட வேண்டும்.

உதவி வேன் கடைசி ஆளின் முதுகிலேயே ஊர்ந்து வருவது பெரிய தப்பு. பின்னால் வரும் பஸ் இரண்டையும் சேர்த்து முந்தப் பார்க்கும். பத்து கி.மீ. முன்னால் போய் நிழலில் நின்று, கடைசி ஆள் தாண்டிய பிறகு கிளம்பி மறுபடி முன்னால் போக வேண்டும். கடைசி ஆளோடு பம்பும் இரண்டு டியூபும் வைத்த அனுபவசாலி ஒருவர் ஓட்டினால் போதும்.

10.40: அஞ்சுகிராமம், காலையிலிருந்து மூன்றாவது மாவட்டம். ஊர் வந்துவிட்ட நினைப்பு எல்லோருக்கும் வரும் இடம் இதுதான். வேகத்தைக் கூட்டுவார்கள், பாட்டிலை மறப்பார்கள், ஒரு கையில் செல்போனை எடுப்பார்கள். எட்டு நாளில் நாங்கள் மிகவும் கவலைப்பட்ட 15 கி.மீ. இதுவே.

11.10: வட்டக்கோட்டை பிரிவில் எல்லோரையும் நிறுத்தினோம். கடைசி ஆள் வரும் வரை யாரும் நகரவில்லை. இங்கிருந்து ஆறேழு கி.மீ. ஒற்றை வரிசை, மணிக்கு 15 கி.மீ. குடியரசு தின விடுமுறைக் கூட்டம் ஊர் முழுக்க. முக்கடல் சங்கமம் வரை சைக்கிளில் போக நினைக்காமல் முன்னாலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் சரி. கிளீட் ஷூ கருங்கல் தரையில் வழுக்கும், வேனில் செருப்பு தயாராக இருக்கட்டும்.

11.50: முடிந்தது. எண்ணிப் பார்த்தோம், எல்லோரும் உண்டு.

முன்சக்கரத்தைக் கடலில் நனைக்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு. நனைக்கலாம், டயர் அளவுக்கு மட்டும். ஹப் வரை உப்புத்தண்ணீர் ஏறினால் பேரிங்கில் துரு பிடிக்கும். டிஸ்க் பிரேக் என்றால் இன்னும் கவனம். நனைத்த கையோடு நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும், பீய்ச்சி அடிக்கும் குழாய் வேண்டாம். பிடிப்பு வந்த காலோடு அந்தப் பாறைக்கடலில் இறங்கிக் குளிப்பதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிட்டோம். ஈரக் கால்சட்டையைப் பத்து நிமிடத்தில் மாற்றாவிட்டால் ஏழு நாள் தப்பித்த தொடைக்கும் எட்டாம் நாள் கொப்புளம் வரும்.

ஜனவரி 27, செவ்வாய்
லாரியில் ஏற்றுதல்

பெடல் கழற்றும்போது இடப்பக்கத்து மரை தலைகீழ். எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரை மேல்நோக்கி நிற்க வைத்து, பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும், இது ஒன்றை நினைவில் வைத்தால் போதும். ஹைட்ராலிக் பிரேக் உள்ளவை முன்சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் வழியில் யாராவது லீவரை அழுத்த, பிஸ்டன் வெளியே வந்து மாட்டிக்கொள்ளும். ஃபோர்க்கின் இரு காலுக்கும் இடையே ஒரு மரத்துண்டு. சைக்கிளைப் படுக்க வைத்தால் கியர் பக்கம் மேலே.

ஜனவரி 30, வெள்ளி
கணக்கு

பணம் வந்த வழியைத் தனித்தனியாகப் பிரித்தாயிற்று. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த தொகைக்கு 80ஜி வருமான வரிக் கழிவு கிடையாது, இதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவே. கொடுத்தவரின் பான் எண் இல்லாத ரசீதுகள்தான் இப்போது தலைவலி. அறக்கட்டளை மே 31-க்குள் நன்கொடை விவரம் சொல்லும் 10பிடி படிவம் தாக்கல் செய்து, அதிலிருந்து கொடுத்தவர்களுக்கு 10பிஇ நன்கொடைச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்க வேண்டும். மே மாதம் பான் கேட்டுப் போன் போட்டால் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள், இந்த வாரமே கேட்டு முடிக்க வேண்டும். சாப்பாடு, டீசல், லாட்ஜ் செலவு ஓட்டியவர்கள் கட்டிய பணத்திலிருந்து போனது. நன்கொடையில் கை வைக்கவில்லை என்பதைக் கணக்குத் தாளின் முதல் வரியிலேயே எழுதியாயிற்று.

பெட்டியில் மிச்சம்: 700x28 டியூப் மூன்று, சொல்யூஷன் ஒன்றரை, கம்பி நாலு, ஓஆர்எஸ் பதினொன்று. காலி ஆனவை: 26 அங்குல டியூப், கடலைமிட்டாய்.