மலிவு கண்டென்சர் மைக்: அவுட்புட் மாற்றும் வேலை, காரைக்குடி

ஆகஸ்ட் 3
பிஎம் 800 ரக மைக். கேப்சூல் (ஒலியைப் பிடிக்கும் பாகம்) அந்த விலைக்கு நன்றாகவே இருக்கிறது. இந்த போர்டில் சிக்னல், மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கனெக்டரின் (1 கிரவுண்ட்; 2, 3 சிக்னல் கம்பிகள்) 2ஆம் பின்னில் மட்டும் வருகிறது. 3ஆம் பின்னை ஒரு கெப்பாசிட்டர் வழியாக நேரே கிரவுண்டில் கட்டியிருக்கிறார்கள். இரண்டு மீட்டர் கேபிளில் இது தெரியாது. வளவில் (செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றம்) ஆச்சிமார் தாலாட்டுப் பாட, ரெக்கார்டர் உள்ளறையில் இருக்க, 20 மீட்டர் கேபிள் இழுத்தால் டியூப்லைட் சோக்கின் ரீங்காரம் மெல்லிய குரலை மூடிவிடும். இரண்டு கம்பியிலும் ரீங்காரம் ஒரே அளவில் ஏறினால்தான் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்கும் முதல் சர்க்யூட்) அதைக் கழிக்கும். அதற்கு இரண்டு காலின் (2, 3 பின்களுக்குப் போகும் பாதைகளின்) இம்பீடன்ஸும், அதாவது ஏசி சிக்னலுக்கான தடையும், சமமாக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5
மாற்று சர்க்யூட் இது. ஜெஃபெட்டின் (கேப்சூல் சிக்னலை முதலில் வாங்கும் டிரான்சிஸ்டர்) டிரெயினிலும் சோர்ஸிலும் 2.2 கிலோ ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர். இரண்டு முனையிலிருந்தும் 1 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் வழியாக ஆளுக்கொரு 2என்5401 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டரிலிருந்து 47 ஓம் வழியாக 2, 3 பின்களுக்கு. கலெக்டர் இரண்டும் ஒன்றாக, வோல்டேஜை நிலையாக வைக்கும் 10 வோல்ட் ஜீனர் டயோடுக்கு. பேஸிலிருந்து அதே முனைக்கு 330 கிலோ ஓம். டிரெயினுக்குப் போகும் சப்ளையில் 1 கிலோ ஓமும் 100 மைக்ரோஃபாரடும் கட்டாயம். ஜீனரின் இரைச்சல் டிரெயின் பக்கம் மட்டுமே ஏறும், அதனால் எதிர்க்காலில் கழியாது.

கடையில் 2என்5401க்குப் பதில் பிசி557 தருவார்கள். அதன் தாங்குதிறன் 45 வோல்ட்தான், பாண்டம் (மைக் கேபிள் வழியாகவே வரும் சப்ளை) 48. பிசி556 ஆகும், 65 வோல்ட். ஆனால் கால் வரிசை தலைகீழ்: தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, 2என்5401 எமிட்டர்-பேஸ்-கலெக்டர், பிசி556 கலெக்டர்-பேஸ்-எமிட்டர்.

ஜோடியை மல்டிமீட்டரின் எச்எஃப்இ (கரண்டை எத்தனை மடங்கு பெருக்கும் என்ற எண்) குழியில் அளந்து, 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போவதை எடுக்க வேண்டும். இந்த பயாஸ் முறையில் வோல்டேஜை நிர்ணயிப்பதே அந்த எண்தான்.

ஆகஸ்ட் 6
பாண்டம் போட்டு, 1ஆம் பின்னை ஆதாரமாக வைத்து அளவு. 2, 3 இரண்டிலும் 20 முதல் 25 வோல்ட்டுக்குள், வித்தியாசம் அரை வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சரி. 48 நின்றால் அந்தக் கால் கரண்டே இழுக்கவில்லை: எங்கோ ஈயம் ஒட்டவில்லை. மொத்தக் கரண்ட் 7 முதல் 8 மில்லி ஆம்பியர். பாண்டத்தின் வரம்பு 10. கரண்ட் அதைத் தாண்டும்படி 330 கிலோ ஓமைக் குறைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 9
மழை ஈரத்தில் படபடவென்று வெடிக்கும் சத்தம். ஜெஃபெட் கேட் பக்கம் 1 கிகா ஓம் இருக்கிறது. போர்டில் ஒட்டிய ஃப்ளக்ஸ் (பற்றவைத்தபின் மிஞ்சும் பிசின்) ஈரம் உறிஞ்சிக் கசிவுப் பாதை ஆகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுத் தேய்த்து, நன்றாக உலரவிட வேண்டும். கேட் காலை போர்டில் படாமல் அந்தரத்தில் தூக்கி, கேப்சூல் கம்பியை அதிலேயே நேராகப் பற்றவைப்பது இன்னும் நல்லது.

ஆகஸ்ட் 10
வளவில் 20 மீட்டர் கேபிளோடு சோதனை. ரீங்காரம் போய்விட்டது; மைக்கின் உலோக பாடியைத் தொட்டால் மட்டும் ஏறுகிறது. கனெக்டர் உட்காரும் இடத்தில் பெயிண்ட் தடுத்து, பாடி 1ஆம் பின்னோடு சேரவில்லை. உப்புத்தாளால் சுரண்டி உலோகம் தெரியவைத்தால் தீரும். பக்கத்தில் செல்போன் வைத்தால் வரும் சத்தத்துக்கு, 2, 3 பின்களிலிருந்து 1க்கு ஆளுக்கு 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர், என்பிஓ எனும் செராமிக் ரகம், கனெக்டரின் காலிலேயே.