வேங்கைக் கட்டையில் பாஹ்

பாடகர் ‘ஒரு கட்டை’ என்றால் அது ‘சி’ என்கிற சுருதி. ஹார்மோனியத்தில் அழுத்துவதும் கட்டைதான். சின்ன வயதில் பீளமேட்டில் கீபோர்டு வகுப்புக்குப் போனபோது, அந்தப் பிளாஸ்டிக்கையும் கட்டை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது நான் வாசிப்பது நிஜக் கட்டை. வேங்கையில் அறுத்த 37 துண்டுகள், மூன்று ஆக்டேவ் (நம் கணக்கில் மூன்று ஸ்தாயி), ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குழாய். குச்சியால் தட்டி வாசிக்கிற இதன் பெயர் மாரிம்பா. மூன்று வருடமாக இதில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் இசையைப் பழகுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: கீபோர்டுக்கு எழுதியதைக் கீபோர்டிலேயே வாசித்தால் என்ன? ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உயர்ந்த மாரிம்பாக்களில் ஹோண்டுராஸ் ரோஸ்வுட் போடுவார்கள், நம் ஊர் ஈட்டியும் அதே இனத்து மரம்தான். மாணவர்கள் வாசிக்கிற மாரிம்பாக்களில் படாக் என்கிற ஆப்பிரிக்க மரம் வரும், அது நம் வேங்கைக்குச் சொந்தம். பொள்ளாச்சிப் பக்கம் மாமா ஊரில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது இரண்டு வேங்கை உத்தரம் கிடைத்தது. அறுக்கப் போன இடத்தில் ஆசாரி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாக் காஞ்ச மரங் தம்பி, இனி இது அசையாதுங்” என்றார். சர்க்கரைக்காரர்கள் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கிற டம்ளர் இந்த மரத்தில்தான் கடைகிறார்கள் என்பதால், அறுத்த தூளில் ஒரு பிடியை வீட்டுக்கு வேறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

கட்டையின் அடிப்பக்கம் நடுவில் சுரண்டினால் சுருதி இறங்கும், ஓரத்தில் சுரண்டினால் ஏறும். இது எல்லோருக்கும் பிடிபட்டுவிடும். பிடிபடாதது, கட்டைக்குள் ஒரே சுரம் மட்டும் இல்லை என்பது. மேலே இன்னொரு சுரம் கூடவே ஒலிக்கும், அதை அடிச் சுரத்துக்குச் சரியாக நான்கு மடங்கில், அதாவது இரண்டு ஆக்டேவ் மேலே, கொண்டுவந்து நிறுத்தவேண்டும். இதே மாதிரி மரக்கட்டை வாத்தியமான சைலஃபோனில் அதுவே மூன்று மடங்கு, அதனால்தான் அது கணீரென்று கூர்மையாகக் கேட்கிறது, மாரிம்பா உருண்டையாகக் கேட்கிறது. இந்த இரண்டாவது சுரத்தைப் பிடிக்க முடியாமல் நான் கெடுத்த கட்டைகள் ஒன்பது. கயிறு கோர்க்கும் ஓட்டை எங்கே போடுவது என்பதற்கு உப்பு போதும். கட்டையின் மேல் தூள் உப்பைத் தூவி, நடுவில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால், உப்பு துள்ளித் துள்ளி நகர்ந்து குறுக்கே இரண்டு கோடாகச் சேர்ந்து நின்றுவிடும். அதிர்வே இல்லாத இடம் அது. ஒரே தடிமனான கட்டையாக இருந்தால் இரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதம் தள்ளி வரும், அடியில் குடைந்த பிறகு கொஞ்சம் நகரும். அந்தக் கோட்டில் துளை போட்டால் கட்டை தாராளமாகப் பாடும். வாசிக்கும்போது அதே கோட்டில் குச்சி பட்டுவிட்டால் சத்தம் செத்துப்போகும்.

குழாய் எங்கள் லேத் பட்டறையிலேயே வெட்டியது. பிவிசி பைப், அடியில் மூடி. அலை நீளத்தில் கால் பங்கு உயரம் வேண்டும் என்பதால் கடைசிக் கீழ் ‘சி’ சுரத்துக்கு ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் வந்தது.

சரி, பாட்டுக்கு வருவோம்.

பாஹ் 1723-இல் சுத்தமாகப் படியெடுத்து வைத்த 15 இன்வென்ஷன்கள், அதாவது சின்னக் கீபோர்டு உருப்படிகள், இரண்டு குரலுக்கானவை, வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. பலவும் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமனுக்காக 1720-இல் தொடங்கிய பாடநோட்டில் முதலில் வந்தவை. முதல் இன்வென்ஷனின் தொடக்கத்தை நம் சுரத்தில் சொன்னால் ஸ ரி க ம ரி க ஸ, அப்புறம் ஒரே தாவலில் ப. வலது கை இதைச் சொல்லி முடித்ததும் இடது கை ஒரு ஆக்டேவ் கீழே அதையே சொல்லும். அந்தப் படியின் முகப்பில் பாஹ் எழுதிய நோக்கங்களில், எல்லாவற்றுக்கும் மேலாக, பாடுவது போல வாசிக்கப் பழகவேண்டும் என்று இருக்கிறது. பாடுவது போல! தட்டினால் உடனே தேய்கிற மரத்தில் எப்படிப் பாடுவது? என்னை இழுத்துப் போட்டது இந்தக் கேள்விதான்.

பாஹ் காலத்துக் கீபோர்டான ஹார்ப்சிகார்டை யோசித்துப் பாருங்கள். கட்டையை அழுத்தினால் உள்ளே இறகுக் காம்பில் சீவிய ஒரு நகம் கம்பியைச் சுண்டும். ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் விரலை எடுத்த நொடியில் துணி வந்து கம்பியில் உட்கார்ந்து சத்தத்தை நிறுத்திவிடும். ஆக, வாசிக்கிறவர் கையில் இருப்பது நீளம் மட்டும்தான். ஒரு சுரத்தை அழுத்தமாகக் காட்டவேண்டும் என்றால் அதற்கு முந்தைய சுரத்தைக் கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிடுவார்கள், அந்தச் சின்ன இடைவெளிக்குப் பிறகு வருவது காதுக்குக் கனமாகத் தெரியும். இழைய வேண்டிய இடத்தில் விரலை எடுக்காமல் ஒன்றின் மேல் ஒன்றை வழியவிடுவார்கள். பேச்சு முழுவதும் நீளத்திலேயே நடக்கிறது.

மாரிம்பாவில் அப்படியே தலைகீழ். அடித்தபின் சுரம் என் கையில் இல்லை. கீழ்க் கட்டைகள் போதும் என்றாலும் அதிர்ந்துகொண்டே இருக்கும், மேல்க் கட்டைகள் இன்னும் கொஞ்சம் இரு என்றாலும் நிற்காது. ஆனால் கனம் முழுக்க என்னுடையது, பட்டும் படாமலும் தொடலாம், ஓங்கியும் அடிக்கலாம். அதனால் பாஹ் நீளத்தில் சொன்ன அத்தனையையும் நான் கனத்தில் சொல்லவேண்டியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை சுரங்களை ஒழுங்காகத் தட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நடைமுறையில் இது என்னவென்றால், ஒரு சுரத்தின் வால் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அந்த அளவுக்கு அடுத்ததை இறக்கித் தொடவேண்டும். அப்போது காது இரண்டையும் தானாகவே சேர்த்துக்கொள்ளும், நடுவில் இருக்கிற ஓட்டை தெரியாது. ஸ ரி க ம என்று ஏறும்போது நான்கையும் ஒரே கனத்தில் அடித்தால் நான்கு தட்டுகள் கேட்கும். ‘ரி’யை ‘ஸ’வின் வாலுக்குள் நுழைத்து, ‘க’விலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, தாவி விழுகிற ‘ப’வுக்கு மட்டும் முழுக் கனத்தையும் கொடுத்தால் ஒரு மூச்சு கேட்கும். இந்த எட்டு சுரத்துக்கே நான் செலவழித்த நாட்கள் கொஞ்சமில்லை, இன்றைக்கும் காலையில் முதலில் வாசிப்பது இதுதான்.

கீபோர்டுக்காரர்களுக்குத் தெரியாத இன்னொரு கஷ்டம் இருக்கிறது. கீபோர்டில் ஆக்டேவின் அகலம் எங்கே போனாலும் ஒன்றே, விரலும் கட்டையின் மேலேயே கிடக்கும், கண்ணை மூடிக்கொண்டும் போகலாம். மாரிம்பாவில் கீழ்க் கட்டை அகலம், மேல்க் கட்டை குறுகல், ஒரே ‘ஸ’விலிருந்து ‘ப’வுக்கு இடது கை தாவுகிற தூரமும் வலது கை தாவுகிற தூரமும் வேறு வேறு. குச்சி காற்றில்தான் இருக்கிறது, தடவிக் கண்டுபிடிக்க முடியாது, கண் கட்டையை விட்டு நகரக்கூடாது. நோட்டைப் பார்த்து வாசிக்கிற பேச்சுக்கே இடமில்லை, மனப்பாடம்தான்.

கைக்கு ஒரு குச்சி வைத்து வேக இடங்களில் ஓடினால் மணிக்கட்டு செத்துவிடும், கைக்கு இரண்டு வேண்டும். பிடிக்கும் விதங்களில் காரி பர்ட்டன் பெயரில் ஒன்று, உள்ளங்கையில் குச்சிகள் குறுக்காகப் போகும். லீ ஹோவர்ட் ஸ்டீவன்ஸ் பிடியில் இரண்டும் ஒன்றையொன்று தொடாது, வெளிக்குச்சியை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் விட்டுப் பிடிக்கவேண்டும். நான் இரண்டாவது. அந்த இடத்தில் தோல் காய்த்துவிட்டது.

குச்சியின் தலையும் பாதி சங்கீதம். பிரம்பின் நுனியில் ரப்பர் உருண்டை, அதன் மேல் நூல் சுற்றவேண்டும். இந்த விஷயத்தில் நம் பக்கத்தில் பிறந்தது பாக்கியம்தான், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மச்சான் மிச்சக் கோன்களைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான். இடது கைக்கு அறுபது சுற்று தளர்வாக, வலது கைக்கு அதே நூலை இறுக்கி. கீழ்க் குரல் மேல்க் குரலை மூடாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று ஆக்டேவ் என்பது பாஹுக்குப் போதாது என்பதையும் சொல்லவேண்டும். இடது கை போகப்போக என் கடைசிக் கட்டைக்கும் கீழே இறங்குகிறது. ஐந்து ஆக்டேவ் மாரிம்பா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, இன்னும் ஒரு ஆக்டேவ் கீழே உள்ள சி வரைக்கும் இருக்கும். நான் அந்த இடங்களை ஒரு ஆக்டேவ் மேலே தூக்குகிறேன். தனிச் சுரத்தைத் தூக்கினால் வரி உடைந்துவிடுகிறது, வாக்கியம் முழுவதையும் தூக்கவேண்டும், குரல்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டினாலும் பரவாயில்லை.

போன தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்தேன். கிரானைட் தரை, உயரமான கூரை, ஏற்பாடு செய்தவர்கள் ஒலிப்பெருக்கியை முழுக்கத் திறந்துவிட்டார்கள். வீட்டில் வாசிக்கிற வேகத்திலேயே தொடங்கினேன், நான்காவது வரியில் கீழ்க் கட்டைகளின் அதிர்வு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இரண்டு குரலும் குழம்பாகிவிட்டது. நிறுத்தினேன். மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, பாதிக்குக் கொஞ்சம் மேலான வேகத்தில் மறுபடியும் எடுத்தேன், இடது கை அடித்த இடத்திலெல்லாம் குச்சியை ஒரு நொடி கட்டையிலேயே அழுத்தி நிறுத்தினேன். அன்றைக்குத்தான் அந்த இன்வென்ஷனில் இருக்கிற மௌனங்கள் எனக்கே கேட்டன.

டி மைனரில் இருக்கிற நான்காவது இன்வென்ஷனைத் தொட இன்னும் பயமாக இருக்கிறது. வலது கையில் நீளமாக ஒரு ட்ரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரம் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது), அப்புறம் அதே மாதிரி இடது கையில் இன்னொன்று. ஹார்ப்சிகார்டில் தேய்கிற சத்தத்தைப் பிடித்து நிறுத்த ட்ரில்தான் மருந்து, மாரிம்பாவில் உருட்டி அடிப்பதும் அதே மருந்துதான். ஆனால் ஒரு கையின் இரண்டு குச்சி மட்டும் உருண்டுகொண்டிருக்க, மற்றக் கை தன் பாட்டுக்குப் பேசவேண்டும். என் இடது கை இன்னும் அதற்கு வரவில்லை.

பாஹ் காலத்து இத்தாலிய இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டி வேறு கதை. அவருடைய 555 கீபோர்டு சொனாட்டாக்களில் கே. 141 என்று எண்ணிட்ட ஒன்று, இதுவும் டி மைனர். ஒரே சுரம் படபடவென்று திரும்பத் திரும்ப வரும், கீபோர்டில் ஒரே கட்டையில் விரலை மாற்றி மாற்றி வைத்தால்தான் ஓடும், நான் சின்ன வயதில் அழுதிருக்கிறேன். குச்சிக்கு அது பிறவிக் குணம். திருவிழாவில் ஜமாப் மேளம் அடிக்கிறவர்களைக் கிட்டே நின்று பார்த்திருந்தால் தெரியும், ஒரே இடத்தில் இரண்டு குச்சி மாறி மாறி விழுவதில் எத்தனை விதமான ஏற்ற இறக்கம் வைக்கமுடியும் என்று. சித்திரை நோன்பியில் எங்கள் ஊர் ஜமாப் அண்ணன் ஒருவரிடம் மணிக்கட்டை எப்படித் தளர்த்துவது என்று கேட்டேன். “குச்சிய நீங்க அடிக்காதீங், அதுவே எந்திரிச்சு வருமுங், நீங்க வழிய மட்டும் உடுங்” என்றார். முதல் பக்கம் இப்போது முக்கால் வேகத்தில் வந்துவிட்டது. சுற்றிவைத்த குச்சிகளில் இரண்டு நூல் பிரிந்து கிடக்கிறது, மச்சான் ஞாயிற்றுக்கிழமை கோன் கொண்டுவருகிறான்.