ஜன்னலோர இருக்கை

அந்தமானில், ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடிவதற்கு முன்பே வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. போர்ட் பிளேரிலிருந்து மூன்றரை மணிக்கே கிளம்பியும் எங்களுக்கு முன்னால் முப்பது வண்டியாவது நின்றது. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகையைப் பார்க்கப் போகிறோம் என்பதுதான் எல்லோரும் சொல்லிக்கொண்ட காரணம். கடல் வழியாகவும் அங்கே போகலாம். நான் காட்டு வழியைத்தான் கேட்டு வாங்கினேன்.

ஆறு மணிக்குத் தடுப்பு உயர்ந்தது. நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது. "போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள் சார்" என்றார் தமிழ் ஓட்டுநர்.

அரை மணி நேரம் வெறும் மரங்கள். பிறகு ஒரு வளைவில் அந்தக் காட்டின் பழங்குடிகளான ஜாரவாக்கள் இருவர்: முதுகில் கூடையோடு ஒரு பெண், நெற்றியில் சிவப்புப் பட்டை கட்டிய சிறுவன். வண்டியிலிருந்த பத்துப் பேரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். பின்னால் யாரோ பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம், ஓட்டுநர் அதட்டினார். சிறுவன் எங்களை ஒருமுறை பார்த்தான். அவ்வளவுதான். மறுபடி அண்ணாந்து மர உச்சியில் எதையோ தேடத் தொடங்கிவிட்டான். தேனடையாக இருக்கலாம்.

ஜாரவா என்பது மற்றவர்கள் வைத்த பெயர். தங்களை அவர்கள் 'அங்' என்கிறார்கள். மனிதர் என்று பொருள்.

முந்தின நாள்தான் ரோஸ் தீவில், ஆங்கிலேயர் கட்டடங்களை மர வேர்கள் விழுங்கியிருக்கும் அழகைச் சலிக்காமல் படம் எடுத்திருந்தேன். அந்தத் தீவில்தான் 1863-இல் 'அந்தமான் இல்லம்' தொடங்கினார்கள், கிரேட் அந்தமானியர்கள் என்ற இன்னொரு பழங்குடியினருக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்க. கற்றது புகையிலையும் சாராயமும், ஒட்டிக்கொண்டது மேகநோய். 1877-இல் தட்டம்மை வாரிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் இன்று ஐம்பது பேர் அளவில்தான் இருக்கிறார்கள். ஜாரவாக்களோ நெருங்கியவர்கள்மேல் அம்பெய்தார்கள். காட்டுமிராண்டிகள் என்று பெயர் வாங்கினார்கள், பிழைத்தார்கள். 1998 வாக்கில் வில்லை இறக்கிவிட்டு ஊர்ப்பக்கம் வந்தார்கள். மறு ஆண்டே அவர்களுக்கும் தட்டம்மை.

இந்தச் சாலையை அவர்களது காட்டுப் பகுதியில் மூடச்சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. அதே சாலையில்தான் டிக்கெட் வாங்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

குகையில் வழிகாட்டி டார்ச் அடித்து, இது யானை, இது தாமரை என்று பாறைகளைக் காட்டினார். தலையாட்டினேன்.

மாலையில் திரும்பும்போது பக்கத்து இருக்கைப் பெரியவர், "தம்பி, கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நான் உட்காரட்டுமா?" என்றார். தலை சுற்றும் என்று பொய் சொல்லி, அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.